கடைசியாகத் தொட்டது யார்?

எங்கள் தங்கவயலில் எது உடைந்தாலும், எது விழுந்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாகத் தொட்டது யார்? சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பிறந்த கேள்வி. சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் ஆகியும் அது மட்டும் வேலையை விடவில்லை. மிக்ஸி மூடி விரிசல் விட்டாலும் வீட்டில் அதே விசாரணைதான். என் மகள் சைக்கிளோடு விழுந்த அன்றும் என் மனைவி அதைத்தான் கேட்டாள். மகள், நான்தான் என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

சைக்கிள் என்னுடையது. மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய், அங்கே ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வரை அதில்தான் போவேன். கூட்டத்தில் முழு சைக்கிளை ஏற்ற முடியாது. முன் சக்கரத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் கட்டி, கதவோரமாகத் திணித்துவிடுவேன். அதற்கு வசதியாக அதில் க்விக் ரிலீஸ் இருந்தது. ஸ்பேனர் வேண்டாம். ஒரு லீவரை மடக்கினால் சக்கரம் இறுகும், விரித்தால் தளரும்.

தளர்ந்தாலும் உடனே கையோடு வந்துவிடாது. சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் கவைதான் ஃபோர்க்; அச்சு உட்காரும் அதன் நுனி இரண்டும் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். அங்கே சின்னதாக ஒரு விளிம்பு உண்டு. லீவர் தளர்ந்தே போனாலும் சக்கரத்தை விழவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதைத் தாண்டி எடுக்க, எதிர்ப்பக்க நட்டையும் நாலைந்து சுற்று திருக வேண்டும். மாலையில், கூட்டம் முதுகில் இடிக்கிற பிளாட்ஃபாரத்தில், அந்த நாலைந்து சுற்றுக்கு எனக்குப் பொறுமை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரத்தை எடுத்து இரண்டு விளிம்பையும் வழவழவென்று ராவித் தள்ளிவிட்டேன். ரயிலில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதமே ஒரு லீவு நாளில், நான் கழற்றி வைத்திருந்த சக்கரத்தை மகள் தானே மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினாள். லீவரை மடக்காமல், குழாயை மூடுவதுபோல் திருகி இறுக்கியிருக்கிறாள். மடக்க வேண்டும் என்று நான் அவளுக்குக் காட்டியதே இல்லை. சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கத்து இறக்கத்தில், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் சக்கரம் தனியே ஓடிவிட்டது. வெறும் ஃபோர்க் தரையில் குத்த, அவள் முன்னால் போய் விழுந்தாள். வலது காறையெலும்பு முறிந்தது. அந்த செமஸ்டர் பரீட்சையும் போயிற்று.

மூன்று வாரம், கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வேளையும் என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்: எதிலும் அவசரம், ஒரு சக்கரத்தை ஒழுங்காக மாட்டத் தெரியாதா? பொறுமைசாலி மாதிரி நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஃபோர்க் வளைந்துபோயிருந்ததால் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பழைய ஃபோர்க்கின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா சார், இத யாரு ராவினது?"

செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.

க்விக் ரிலீஸ் ஃபோர்க்கே வாங்கினால் பழைய சக்கரம் பொருந்தும், தினமும் கழற்றுகிற எனக்கு அதுதான் தோது என்றார். இன்னொன்று த்ரூ ஆக்ஸில். அதில் நுனி திறந்திருக்காது, ஓட்டைதான். கனமான அச்சை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் திருகி இறுக்க வேண்டும். தளர்ந்தாலும் அச்சை முழுதாக உருவாமல் சக்கரம் வராது. ஆனால் முன் சக்கரத்தையும் மாற்ற வேண்டும், கழற்ற நேரமும் கூடும். த்ரூ ஆக்ஸிலே போடுங்கள் என்றேன். அதில் ராவுவதற்கு ஒன்றும் இல்லை. என் கையை நானே நம்பவில்லை.

பழைய ஃபோர்க்கை இரும்புக்குப் போட அவர் எடுத்தார். நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது மகள் மதியச் சாப்பாட்டில் இருந்தாள். புதுச் சக்கரத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னால அதையும் மாத்த வேண்டியதா போச்சாப்பா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பழைய ஃபோர்க்கை அவள் முன்னால் வைத்து, ராவிய இடத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விளிம்பு இருந்திருந்தால், அவள் எப்படி மாட்டியிருந்தாலும் சக்கரம் விழுந்திருக்காது என்றேன். ஸ்பூனை வைத்துவிட்டு, நுனியை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தெனம் திட்டும்போது நீ பக்கத்துலதான உக்காந்து சாப்ட்டுனு இருந்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

சமையல்கட்டிலிருந்து என் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்தாள். ஃபோர்க்கைத் தள்ளிவைத்துவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். விழுந்த அன்றுகூட அழாத பெண், இரண்டாவது வாய்க்கு விம்மி அழுதாள். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை.