மீன் கூடை ஐஸில் பிழைத்த காந்தம்

இரண்டாயிரம் பிறந்து மூன்று, நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மே மாத நடுப்பகலில் மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மடியில் தெர்மாஸ் பிளாஸ்க். அதில் ஐஸ், ஐஸுக்குள் விரலளவு கண்ணாடிக் குப்பி, குப்பியில் மை போலக் கறுத்த திரவம்.

கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள் அதில் மிதந்தன. ஒவ்வொன்றின் மேலும் துருவாலான மெல்லிய ஓடு. சூடு பட்டால் ஓடு தடித்து உள்ளிருக்கும் இரும்பைத் தின்றுவிடும், காந்தசக்தி குறைந்துபோகும். பல மாத முயற்சியில் ஒரே ஒருமுறைதான் சரியாக வந்திருந்தது. அதன் காந்தசக்தியை அளந்துபார்க்க கிண்டிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் அன்று மாலை நேரம் கொடுத்திருந்தார்கள்.

ராயபுரத்துக்குச் சற்று முன்னால் வண்டி குலுங்கி நின்றது. பிளாஸ்க் நழுவி விழுந்து உள்கண்ணாடி நொறுங்கி, ஐஸ் தரையில் சிதறியது. குப்பி மட்டும் தப்பியது. கரண்ட் போய்விட்டதாம், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டி அடுப்பாகக் காய்ந்தது. உள்ளங்கைச் சூடு பட்டுவிடுமோ என்று குப்பியைத் துப்பட்டா நுனியில் ஏந்திக்கொண்டு அழுதேன்.

எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா, "இன்னா கண்ணு, மருந்தா?" என்றார்.

சொல்லத் தெரியாமல், பையிலிருந்த சின்னக் காந்தத்தைக் குப்பியருகே கொண்டுபோனேன். கறுப்புத் திரவம் சோம்பலாகச் சாய்ந்து கண்ணாடிச் சுவரில் ஏறியது. காந்தத்தை விலக்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கிப் பரவிக்கொண்டது. பெட்டியிலிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னலில் கூசும் வெளிச்சம், மீன் வாசனை, குப்பிக்குள் மெதுவாக எழுந்து அடங்கும் அந்தக் கறுப்பு. முன்பின் தெரியாத நாங்கள் எல்லோரும் ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருந்தது போலிருந்தது.

"உசுரு கீதா அதுக்கு?"

"சூடு பட்டா வீணாப்போயிடும்க்கா."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கூடையின் சாக்கை விலக்கி, மீன் மேலிருந்த ஐஸையெல்லாம் வாரி என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, குப்பியை நடுவில் புதைத்தார்.

"உங்க மீனு?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ இத்த பாத்துக்கினு போ."

அன்று மாலை ஆய்வகத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் அளவு நான் ஆசைப்பட்டபடியே வந்தது.

அடுத்த வாரம் அதே ரயிலில் அவரைத் தேடிப் பிடித்தேன். "பொயச்சிகிச்சா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். தலையாட்டினேன். பக்கத்திலிருந்த இன்னொரு மீன்காரம்மா, "அன்னிக்கி இவ மீனு அத்தினியும் கண்ணு வெளுத்துப்பூட்ச்சி. ஒருத்தரும் வாங்கல" என்று சொல்லிவிட்டார்.

"நீ சும்மா கெட!" என்று அவரை அதட்டினார் அக்கா.

அந்தக் கறுப்புத் திரவம் எதற்கு உதவும் என்று அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. யாராவது என்னிடம் கலங்கி வந்து நிற்கும்போது, காரணம் கேட்க வாயெடுத்து, இன்றும் நான் நிறுத்திக்கொண்டு, முதலில் ஆக வேண்டியதைப் பார்க்கிறேன்.