கடைசியாகத் தொட்டவள்

ஏவுதளத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கடைசிக் கை'. ராக்கெட்டின் உச்சிக் கூம்புக்குள் விண்கலத்தை வைத்துப் பூட்டியபின், கூம்பின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு மட்டும் திறந்திருக்கும். அதன் வழியே கையை விட்டு, கருவிகளின் மேல் மாட்டியிருக்கும் பாதுகாப்பு மூடிகளைக் கழற்ற வேண்டும். கதவைத் திருகி மூடிவிட்டால், அதன்பிறகு அந்தக் கலத்தை மனிதக் கை தொடாது. ஒல்லியான கையும் பதறாத விரல்களுமாக அவள் அதைச் செய்துவந்தாள். வீட்டில் மட்டும் தேநீர்க் கோப்பைகளாக உடைத்துத் தள்ளுவாள். "உன்னை நம்பி ராக்கெட்டைக் குடுக்கறாங்களே, அவங்களுக்குத் தைரியம்தான்" என்பார் கணவர்.

போன ராக்கெட் கடலில் விழுந்தது. எரிபொருள் வால்வு ஒன்று திறக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. கேண்டீன் வேறு தீர்ப்புச் சொன்னது: கடைசியாகத் தொட்டவள் ராசியில்லாதவள். வால்வுக்கு மானம் போகாது, அவளுக்குப் போயிற்று. கோள்களின் பாதையைப் பிசகாமல் கணிக்கிற மூளைகள், அவள் லிஃப்டில் ஏறினால் அடுத்த லிஃப்டுக்குக் காத்து நின்றன.

இந்த முறை கலம் ஒரு சிறுகோளைத் தேடிப் போகிறது. அங்கே நிற்காது, சுற்றாது. பக்கத்தில் பாய்ந்து கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கேமராவில் விழுவதுதான் படம். இன்று மாலைக்குள் கிளம்பாவிட்டால் சிறுகோள் எட்டாத தூரம் போய்விடும். மறுபடி நெருங்கி வரும்போது இந்தக் குழுவில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

முந்தின நாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு மேல நெட்டை போகட்டும்மா. நீ கீழ இருந்து மூடிகளை வாங்கி வை."

"ஏன் சார்?"

"எதுக்கு வம்பு? எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க."

"நீங்க என்ன பேசறீங்க சார்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கவே இல்லை.

நெட்டை அவளிடம் வேலை கற்றவன், நல்ல பிள்ளை. இன்று மேலே போய்வந்து மூடிகள் இருந்த பையை நீட்டியபோது அவன் முகம் வெளுத்திருந்தது. மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் பலகையின் ஆணிகளில் மாட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நாடா தொங்கும். கேமராவுக்கு உரிய ஆணிக்கு வந்தபோது கையில் நாடா மட்டும் இருந்தது, தையல் பிரிந்து.

"மூடி எங்கடா?"

"கழண்டுடுச்சுக்கா. கையில தெரிஞ்சுது, சத்தியமா. எங்கயோ விழுந்திருக்கும்."

"எங்கயோன்னா? உள்ளயா, வெளியயா?"

"அக்கா, கதவை மூடிட்டேன். எரிபொருள் ஏத்தப் போறாங்க. இப்போ நிறுத்தினா உங்களைத்தான் சொல்லுவாங்க. அவ கை பட்டுச்சு, நின்னுடுச்சுன்னு."

அவளுக்கும் அது தெரியும். வாயை மூடிக்கொண்டால் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. வாயைத் திறந்து, ராக்கெட் இன்று கிளம்பாமல் போனால், சாகும்வரை ராசியில்லாதவள் என்ற பெயர்தான். நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டாள்.

"கவுண்ட்டவுனை நிறுத்துங்க. ஒரு மூடி கணக்குல இல்ல."

இயக்குநர் ஓடி வந்தார். "உன்னை ஒதுக்கி வெச்சும் உன்னாலதான் நிக்கணுமா?"

"திட்டறதை அப்புறம் திட்டுங்க சார். இப்போ ஒருத்தர் மேல போயாகணும். நான் போறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "போ. சீக்கிரம் போ."

கதவைத் திறந்து, விளக்கையும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியையும் உள்ளே நீட்டினாள். கேமராவின் கண் திறந்திருந்தது. நெட்டை சொன்னது நிஜம். அப்படியானால் மூடி? கண்ணாடியைச் சாய்த்தாள். சூரியத் தகட்டின் கீலுக்குள் கறுப்பாக ஒரு விளிம்பு. அது அங்கேயே இருந்தால் தகடு விரியாது, மின்சாரம் வராது. கலம் போகும் வழியிலேயே செத்துப்போகும்.

தோள் கதவில் இடிக்கும்வரை கையை விட்டாள். விரல்நுனி விளிம்பைத் தொட்டது, வழுக்கியது. மூடி இன்னும் உள்ளே இறங்கியது. காதில் மாட்டிய ஹெட்செட்டில் இயக்குநர்: "என்ன ஆச்சு? பேசும்மா!" பேசவில்லை, மூச்சுவிட்டாலே கை அசையும். இரண்டு விரல்களை இடுக்கியாக்கி இன்னொரு முறை நீட்டினாள். கவ்வியது. இழுத்தாள்.

"வந்துடுச்சு."

வாய்ப்பு நழுவுவதற்கு முன் மிச்சமிருந்த கடைசி நேரத்தில் ராக்கெட் கிளம்பிற்று. தகடு விரிந்த செய்தி வரும்வரை அவள் உட்காரவில்லை.

மாதங்கள் கழித்துப் படம் வந்தது. யாரோ கடித்துவிட்டு வைத்த பேரிக்காய் மாதிரி, கறுப்பும் சாம்பலுமாக ஒரு பாறை. அறையே துள்ளியது. இயக்குநர் எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். "ராசியான கை! அடுத்ததுக்கும் இதுதான் கடைசிக் கை!"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அன்னிக்கு ராசி இல்லைன்னு தள்ளி வெச்சீங்க. இன்னிக்கு ராசின்னு தூக்கறீங்க. ரெண்டும் ஒரே அசிங்கம்தான் சார். இந்தக் கைக்கு வேலை தெரியும். அதுக்காகக் கூப்பிட்டா வர்றேன். ராசிக்குன்னா வேற ஆளைப் பாருங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "சரிம்மா," என்றார் கடைசியில், "வேலைக்குத்தான் கூப்பிடறேன்." எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

வெளியே நெட்டை காத்திருந்தான். அடுத்த கலத்துக்கான மூடி ஒன்றை நீட்டினான். நாடாவில் தையல் இரட்டையாக ஓடியிருந்தது.

"இழுத்துப் பாருங்கக்கா."

சுவரில் காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.