உபயம் எழுதிய டியூப்கள்

எங்கள் கோயிலுக்கு டியூப் லைட் கொடுக்கிறவர்கள் அதில் பெயர் எழுதாமல் கொடுக்கமாட்டார்கள். கறுப்புப் பெயின்டில், கொழுத்த எழுத்தில், ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவரின் பெயர், தகப்பன் பெயர், ஒழுங்கையின் பெயர், வெளிநாடு என்றால் அந்த நாட்டின் பெயர் எல்லாம் எழுதி முடித்த பிறகு, வெளிச்சம் வர விரற்கடை இடம் மிஞ்சினால் அது அம்மனின் அதிர்ஷ்டம். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், வாய் சும்மா இராது. “இவை கோயிலுக்கு வெளிச்சம் குடுத்தவையோ, இருட்டுக் குடுத்தவையோ” என்று கோயில் தலைவரின் காதுபடவே ஒருமுறை கேட்டேன். அவர் கேட்காத மாதிரிப் போய்விட்டார்.

பகிடி பண்ணினாலும், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து வாசிக்காமல் நான் அந்த இடத்தைக் கடந்ததில்லை. பாதிக்கு மேல் செத்தவர்களின் பெயர்கள். ‘ஞாபகார்த்தமாக’ என்று கடைசியில் இருக்கும். சண்டை கொண்டுபோனவர்கள், கடல் கொண்டுபோனவர்கள், சீனி வருத்தத்தில் போனவர்கள். உள்துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு பெயராவது இல்லாத வீடு இல்லை.

என் அண்ணாவின் பெயரும் அங்கே எரிந்தது. அண்ணா துறைமுகத்தில் வேலை செய்தவர். சண்டைக் காலத்தில் ஒரு காலை, வேலைக்கென்று சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. அம்மா அவருக்காக ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தபோது ‘ஞாபகார்த்தமாக’ என்று எழுத விடவில்லை. உபயம், அதன் பிறகு அண்ணாவின் பெயர், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற ஒருவர் தன் கையால் கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

டியூப்புக்கும் ஆயுள் உண்டு. இரண்டு கரையும் கறுத்து, மினுங்கி மினுங்கி ஒருநாள் நின்றுவிடும். மற்றவர்கள் டியூப் செத்துப்போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் வராது. “அவன்ர லைட் பத்துதில்லை, பிள்ளை” என்பார் அம்மா. அன்றைக்கே கடைக்குப் போய்ப் புதிதொன்று வாங்கி, அதே பெயரை எழுதுவித்து மாட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பழையதை எறிகிற வழக்கம் இல்லை. பெயர் எழுதினதைக் குப்பையில் போடலாமா? எங்கள் ஊருக்கு அது கல்லறையைக் கிண்டுகிற பாவம். ஆகவே எரிந்து ஓய்ந்த டியூப்கள் எல்லாம், சுவாமி வலம் வருகிற மரக் குதிரையும் மயிலும் வைக்கிற வாகனசாலைக்குள் போய், சுவரோடு சாத்தி நின்றன. வருசக் கணக்காக நின்றன. அங்கே அண்ணாவின் பெயரோடும் நாலைந்து இருந்தன.

திருவிழாவுக்கு முன்னம் வாகனசாலையைத் துப்புரவாக்கப் போன அன்றுதான் இந்தக் கதை தொடங்கியது. குதிரையை வெளியே இழுத்தபோது அதன் பின்கால் தட்டி ஒரு வரிசை டியூப்கள் சரிந்து வெடித்தன. நிலமெல்லாம் கண்ணாடி, அதன்மேல் வெள்ளைப் பவுடர். நான் தண்ணீர் வாளியோடு வந்து பார்க்கிறேன், அம்மா குனிந்து அந்தப் பவுடரை மூன்று விரலால் தொட்டு, கண்ணை மூடி, நெற்றியில் இழுத்துவிட்டார். அம்மாவைக் குறை சொல்லி வேலையில்லை. கோயிலுக்குள் வெள்ளையாக எது சிந்திக் கிடந்தாலும் எங்கள் ஆட்களின் கை தானாக நெற்றிக்குப் போகும். பின்னால் நின்ற இன்னொருத்தியும் குனியத் தொடங்கிவிட்டாள்.

“தொடாதேங்கோ, அது திருநீறு இல்லை” என்று கத்தினேன். அம்மாவை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நெற்றியையும் கையையும் கழுவினேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பெற்ற தாயின் நெற்றியில் இருந்ததைக் கோயிலுக்குள் வைத்து அழித்தவள் நான்தானே.

“டியூப்புக்குள்ள பூசின பவுடர் அம்மா. அதோட பாதரசம் இருக்கு. மூச்சோட உள்ளுக்குப் போனா நஞ்சு.”

“பாதரசத்தைத்தானே ரசமணி எண்டு கழுத்தில கட்டுகினம். அது எப்பிடிப் பிள்ளை நஞ்சாகும்?”

பாடம் எடுக்க அது நேரமில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு, தும்புத்தடியைப் பறித்து வைத்தேன். கூட்டினால் அது இன்னும் பறக்கும். காற்று மாறிய பிறகு மட்டையால் அள்ளி, ஈரக் கடதாசியால் ஒற்றி, ஒரு மூடிப் போத்தலுக்குள் போட்டு இறுக்கினேன். உடைந்தது கொஞ்சம்தான். உடையாமல் சுவரோடு நின்றது ஒரு காடு.

அதை என்ன செய்வது என்று கேட்டபோதுதான் எங்கள் ஊரின் குணம் தெரிந்தது. “குடுத்தவை வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்” என்றார் தலைவர். கொடுத்தவர்களோ, “அம்மனுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கிறதோ, பாவம் சுத்தும்” என்றார்கள். குப்பை எடுக்க வருகிற உழவு இயந்திரக்காரர் கண்ணாடி ஏற்றமாட்டோம் என்றார்கள். ஏற்றியிருந்தாலும் அது போய்ச் சேருவது யானை வந்து கிளறுகிற குப்பை மேடு. ஒரு மாரி மழை பெய்தால் அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து கடல், கடலில் இருந்து மீன், மீனில் இருந்து எங்கள் சட்டி. டியூப் விற்ற முஸ்லிம் கடைக்காரரிடம் போனேன், ஊருக்கே அவர் நானா. “வித்தது நான் எண்டது மெய்தான் டீச்சர். செஞ்சது நானில்லையே” என்றார். கொழும்பில் இருந்து அனுப்புகிற கம்பனிக்கோ எங்கள் கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆளுக்கு ஆள் கையைக் கழுவினார்கள். அம்மாவின் நெற்றியைக் கழுவினவள் நான் மட்டும்.

எனக்குக் கோபம் வந்தால் நல்லது கெட்டது தெரியாது. நிர்வாகசபைக் கூட்டத்துக்குப் போய்த் தலைவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். “ஐயா, தேர் வடத்தைத் தனிய இழுத்துக் காட்டுங்கோ பாப்பம்” என்றேன். “அது ஊர் கூடி இழுக்கிறதெல்லோ” என்றார். “வெளிச்சமும் ஊர் கூடித்தான் அனுபவிச்சனாங்கள். அதின்ர நஞ்சுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் இல்லை?” அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவியின் பெயரும் அந்தக் காட்டுக்குள்தான் நின்றது என்பது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சரிவந்தது. நானா கொழும்புக்குப் பலமுறை கதைத்து, சாமான் கொண்டுவருகிற லொறி வெறுமனே திரும்பும்போது டியூப்களை ஏற்றிப் போகச் சம்மதிக்க வைத்தார். உடையாமல், பெட்டியில் அடுக்கி, ஓரிடத்தில் சேர்த்துத் தரவேண்டும் என்றார்கள். பெட்டிகளை நானாவே கொண்டுவந்து, செருப்போடு வாசலுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக நீட்டினார். கோயில் மண்டபத்தைத் தந்தது. ஐயர் மட்டும் ஒன்று சொன்னார். “அங்க மெஷினில போட்டு நொருக்குவினமாம். பேரோட அனுப்பாதேங்கோ. அவையவை வந்து அம்மனிட்டச் சொல்லிப்போட்டு, தங்கட பேரைத் துடைச்சுக் குடுக்கட்டும்.”

அப்படி ஒரு நாளை நான் திரும்பப் பார்க்க விரும்பவில்லை. மண்டபம் முழுக்கப் பெயின்ட் அழிக்கிற தின்னர் மணம். வீட்டுக்கு வீடு வந்து நிலத்தில் இருந்து, பழந்துணியால் தங்கள் செத்தவர்களைத் துடைத்தார்கள். யாரும் சத்தம் போட்டு அழவில்லை. தலைவர் தன் மனைவியின் பெயரை நிமிராமல் துடைத்தார். வெளிநாட்டில் இருந்து தன் தகப்பனின் பெயரைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகள், “மெதுவாத் துடையுங்கோ மாமா” என்றாள். வர ஆளில்லாத டியூப்களும் கனக்க இருந்தன. கடல் எடுத்த ஒரு குடும்பத்தின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே டியூபில் நெருக்கி எழுதியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவரும் இப்போது இல்லை. அதை நான் எடுத்தேன். முகம் தெரியாத பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் வாசித்துவிட்டுத் துடைத்தேன். இருட்டுக் கொடுத்தவர்கள் என்று நான் பகிடி பண்ணியது இவர்களையும்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

அம்மா மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தாலும், டியூப்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைக்கப்போகிறேன் என்பார், நான் மறித்துச் சண்டை பிடிக்கவேண்டி வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அண்ணாவின் டியூப்களைப் பழைய சேலையில் கிடத்தி, ஒன்றை மடியில் எடுத்தார்.

“தாங்கோ அம்மா, நான் துடைக்கிறன்.”

“நீ ஒரேயடியாத் துடைச்சுப்போடுவாய்.”

அவர் கடைசி எழுத்தில் இருந்து தொடங்கினார். ஒரு எழுத்து, பிறகு ஓய்வு, பிறகு அடுத்த எழுத்து. பெயர் பின்னுக்கிருந்து குறைந்துகொண்டு வந்தது. முதல் எழுத்து மட்டும் மிஞ்சியபோது துணியை வைத்துவிட்டுக் கேட்டார்.

“இந்த நஞ்சாலதானோ பிள்ளை இது பத்தினது?”

“ஓம் அம்மா. அது இல்லாட்டிப் பத்தாது.”

“அப்ப அதை நஞ்செண்டு சொல்லாதை” என்றார். பிறகு அந்த எழுத்தையும் துடைத்தார். உலகத்துக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான், என் தாயின் கையால் என் அண்ணாவை அழிக்க வைத்தேன் என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது. அது சரியான வேலைதான், திரும்பவும் செய்வேன். ஆனாலும் அந்த எண்ணம் போகவில்லை.

லொறி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு வாகனசாலைச் சுவர் வெறுமையாகத் தெரிந்தது. இனிப் பாதரசம் இல்லாத எல்.ஈ.டி. டியூப்தான் என்று முடிவானது. எழுதுகிறவர்கள் ஓரத்தில் இரண்டு வரி மட்டும் எழுதவேண்டும் என்று நான் அடம்பிடித்து, அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். திருவிழாவுக்கு முந்தின கிழமை, பெயின்டர் தம்பி மண்டபத்தில் இருந்து வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்காக வாங்கின டியூபை நான் அவருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா பக்கத்தில் நின்றார்.

“அம்மா, வழமை போலதானே? அண்ணையின்ர பேர் மட்டும்?” என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

“இல்லைத் தம்பி. மேல என்ர பேரைப் போட்டு, ஞாபகார்த்தமாக எண்டு எழுதுங்கோ. கீழ, மகன் உபயம் எண்டு அவன்ர பேர்.”

பெயின்டர் தம்பி தூரிகையைத் தூக்கிவிட்டார். “உயிரோட இருக்கிற ஆளுக்கு அப்பிடி எழுதுறேல்லை அம்மா.”

“எழுதி வையுங்கோ. எனக்கு ஏலாமல் வருகுது. நான் போனாப்போல அவன் வந்தானெண்டா, அம்மாவுக்கு ஒண்டும் செய்யேல்லையே எண்டு கிடந்து அழுவான்.”

பெயின்டர் தம்பி என்னைப் பார்த்தார். அம்மாவோடு இத்தனை வருசம் கிடந்த மகளின் பெயர் அந்த இரண்டு வரியில் இல்லை. அது எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

“எழுதுங்கோ தம்பி” என்றேன்.

அவர் எழுதினார். பெயின்ட் காயும்வரை அது அழிந்துபோகாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.