செத்த ஆற்றின் அக்கரை

அந்த நீருக்கு ஊரில் செத்த ஆறு என்று பெயர். எந்தக் காலத்திலோ வந்த பெருவெள்ளத்தில் ஆறு தடம் மாறிக் கிழக்கே போய்விட்டது. அது கைவிட்ட பழைய வளைவில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய குட்டைகளும், அவற்றை இணைக்கும் ஓர் ஓடையும் மிஞ்சின. ஓடையின் இரு கரையிலும் கொல்லைப்புறம் பார்த்தபடி இரண்டு வீடுகள். இக்கரையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அண்ணி. அக்கரையில் அவள் கணவனின் தங்கை, தையல்காரி. அண்ணன் வைத்த செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டதில், ஐம்பது தாண்டியும் அவள் எல்லோருக்கும் ‘சின்னது’தான்.

அண்ணன் இருந்தவரை நடுவே ஒரு பலகைப் பாலம் இருந்தது, அவன் கையால் போட்டது. மூடி போட்ட கிண்ணம் இங்கிருந்து போகும். தைத்த துணி அங்கிருந்து வரும்.

ஒரு காலையில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாயுப்பிடிப்பு என்று நினைத்து அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவே சின்னது கேட்டாள்: “வெந்நீர் குடுத்தீங்களே அண்ணி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு தோணலையா?”

அதே கேள்வியைத்தான் அண்ணியும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனாலேயே அந்தச் சொல் முள்ளாகத் தைத்து உள்ளேயே முறிந்துபோனது. அடுத்த மழையில் பலகை அடித்துக்கொண்டு போயிற்று. தேடி எடுத்துவர இருவருமே போகவில்லை.

பேச்சு நின்றதே தவிர பார்வை நிற்கவில்லை. அக்கரைச் சமையலறையில் விளக்கு எரிந்தால்தான் இவள் அடுப்பைப் பற்றவைப்பாள். இவள் துணி காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போன நாளில் மழை வந்தால், அவள் அங்கே நின்று கையைப் பிசைவாள். விடிந்ததும் தையல் மிஷினின் கடகடப்பு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வரும். “மகாராணி எழுந்தாச்சு” என்று அண்ணி முணுமுணுப்பாள்.

அன்று அந்தச் சத்தம் வரவில்லை. வெயில் ஏறிய பிறகும் அக்கரை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வேலைக்குக் கிளம்பிய அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கூப்பிட்டாள்.

“ஏ சின்னது!”

ஒரு நீர்க்கோழி மட்டும் கோரைக்குள் ஓடி மறைந்தது.

சாலை வழியென்றால் வளைவு முழுக்கச் சுற்றி, பஸ் மாறிப் போகவேண்டும். அண்ணி தண்ணீரில் இறங்கிவிட்டாள். ஓரத்துச் சேறு முழங்கால்வரை இழுத்தது. “ஓரத்துலதான் சேறு. நடுவுல பழைய ஆத்து மணல், கெட்டியா இருக்கும்” என்று பலகை போட்ட நாளில் கணவன் சொன்னது நினைவுக்கு வந்தது. மெய்தான். நெஞ்சளவுத் தண்ணீரில் மணல் அவள் காலைத் தாங்கிக்கொண்டது.

சின்னது குளியலறை வாசலில் விழுந்துகிடந்தாள். இடுப்பை அசைக்க முடியவில்லை. தோளில் ஆகாயத்தாமரை வேரோடு சொட்டச் சொட்ட நிற்பவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இப்பதான் தரையைத் துடைச்சேன் அண்ணி... காலைக் கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா?”

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. “வாயை மூடு. ரொம்ப வலிக்குதா?”

“உயிர் போகுது.”

“போகாது. நான் விடமாட்டேன்.” சொல்லிக்கொண்டே மேசைமேல் கிடந்த சின்னதின் போனை எடுத்து ஆம்புலன்சுக்குப் பேசினாள்.

இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. சலவைக்கூடத்தில் இருந்ததிலேயே மெத்தென்ற விரிப்பைத் தேடியெடுத்து அண்ணி அந்தக் கட்டிலில் விரித்தாள். ஒரு நாள் ஊட்டும்போது சின்னது கரண்டியைத் தடுத்தாள்.

“அண்ணி, அன்னிக்கு நான் கேட்டது...”

“சூப் ஆறிடும், குடி.”

“இல்ல, சொல்லியே ஆகணும்.”

“எனக்கும் அதே கேள்விதான்மா இருந்துச்சு. கூட உட்கார்ந்து அழ நீ இல்லையேங்கிறதுதான்...” அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னது அந்த ஈரக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி அக்கரைக்கே குடிவந்துவிட்டாள். கோடையில் ஓடை வற்றிக் குட்டைகள் மட்டும் மிஞ்சின. சின்னது வாக்கரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து காவல் காப்பாள். அண்ணி வேலையிலிருந்து திரும்பியதும் அன்றைய செய்தியை ஒப்பிப்பாள்.

“முக்குளிப்பான் குஞ்சு பொரிச்சிருக்கு அண்ணி! முதுகுல ஏத்திக்கிட்டுச் சுத்துது. நாலு.”

“மூணுதான் தெரியுது.”

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.”

“ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுறவ, எனக்குக் கண்ணாடி சொல்றியா?”

அதற்குள் தாய்ப்பறவை குஞ்சுகளோடு கோரைக்குள் புகுந்துகொள்ள, வழக்கு மறுநாளைக்குத் தள்ளிப்போனது.