அளவெடுத்துக் கொடுத்த ஊசி

டெய்லரம்மாவின் உயரம் மூன்றரை அடி. முக்காலி மேல் ஏறி நின்றுதான் தோளளவு எடுப்பார். அவர் தைத்த சட்டையை ஒருமுறை போட்டவர்கள் வேறு கடை ஏறமாட்டார்கள்.

முதல் பிரசவத்தில் அவரை முழுசாக மயக்கித்தான் அறுவை செய்தார்கள். கண் விழிப்பதற்குள் மகளை வீடே பார்த்து முடித்திருந்தது.

"அவ அழுத அழுகையில ஆஸ்பத்திரியே அதிர்ந்துச்சு அண்ணி" என்றாள் நாத்தனார். பெற்றவளுக்கு மட்டும் அந்த முதல் அழுகையைக் கேட்கக் கிடைக்கவில்லையே என்று ஆறு வருஷம் மனதுக்குள் குமைந்தார் டெய்லரம்மா.

இந்த இரண்டாவது பிரசவத்துக்கு, விழித்திருக்கும்படி முதுகில் ஊசி போடச் சொல்லிக் கேட்டார். பெரிய டாக்டர் மறுத்துவிட்டார்.

"உங்க உயரத்துக்கு மருந்து மளமளன்னு மேல ஏறிடும்மா. மூச்சு திணறும். எதுக்கு விஷப்பரீட்சை?"

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இளம்பெண். டெய்லரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெடிமேடா குடுத்தாத்தானே டாக்டர் வம்பு? எனக்கு அளவெடுத்துக் குடுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் உயரம், எடை, முதுகெலும்பின் வளைவு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, பெரிய டாக்டரிடம் வாதாடினார். வழக்கத்தில் பாதி மருந்து. மூச்சு திணறினால் உடனே முழு மயக்கம். அந்த நிபந்தனையில் பெரிய டாக்டர் இறங்கிவந்தார்.

அறுவை அன்று காலை ஊசி போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கால்கள் சூடாகி மரத்தன. இளம் டாக்டர் ஐஸ் துண்டால் தொட்டார்.

"சில்லுன்னு இருக்கா?"

"தொப்புளுக்கு மேல இருக்கு."

அது போதாது, நெஞ்சு வரை மரக்க வேண்டும். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் சார்" என்று மேஜையின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார் டாக்டர். மருந்து கனமானது, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகரும். மறுபடி ஐஸ்.

"இப்ப?"

"நெஞ்சு வரைக்கும் ஒண்ணும் தெரியல."

சட்டென்று மேஜையை நேராக்கினார். "மூச்சு விட முடியுதா? என் விரலை இறுக்கிப் பிடிங்க."

கத்தரி பிடித்துப் பழகிய கை. "போதும்க்கா, விடுங்க, வலிக்குது" என்றார் டாக்டர். பெரிய டாக்டரே சிரித்துவிட்டார்.

பிறகு நெஞ்சுக்கு மேல் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வயிற்றை இழுப்பது போலிருந்தது. வலி இல்லை. கொஞ்சம் குமட்டியது, டாக்டர் ஏதோ மருந்தேற்றியதும் அடங்கியது. அப்புறம் கேட்டது அந்தக் குரல். முதலில் இருமல் போல ஒன்று, அடுத்து அறை முழுக்க. டெய்லரம்மாவின் கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

தள்ளுவண்டியில் வெளியே வந்தபோது நர்ஸ் வாய் திறப்பதற்குள் அவரே கணவரிடம் சொன்னார்:

"பையன். பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். நான் கேட்டுட்டேங்க."