நீலம் பூசிய ஜன்னல்

தெரு நாடக வண்டியோடு ஊர் சுற்றுகிறவனுக்குப் பாராட்டை விடக் கேள்விதான் அதிகம் கிடைக்கும். மைக் மக்கர் செய்து, மழை பிடித்து, சாமி ஊர்வலத்துக்கு வழிவிட்டு நின்று நாடகம் போட்ட தோழர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. சாமி உண்டா, பேய் உண்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம் முப்பது வருடமாக நானும் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது வரும் கேள்விகளுக்குத்தான் பதில் இல்லை.

வரப்போகும் நகரம்

எங்கள் வண்டி ஒரு பழைய பள்ளிக்கூட வேன். அதுதான் நாடகத்துக்குப் பின்திரையும். போர்டு எழுதிக்கொண்டிருந்து, பிறகு எங்கள் டிரைவராகிவிட்ட ஆறுமுகம், அதன் ஒரு பக்கம் முழுக்க நாங்கள் கனவு கண்ட நகரத்தை வரைந்திருக்கிறான். மஞ்சள் கோபுரங்கள், ரோஸ் நிறப் பாலங்கள், பூட்டில்லாத கதவுகள். அடகுக்கடை கிடையாது, போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. ஜன்னலுக்கு ஒரு முகம். எல்லாம் எங்களோடு போராட்டத்தில் நின்றவர்கள். அதில் பாதிப் பேர் இன்று ஒப்பந்தக்காரர்கள். உச்சி ஜன்னலில் என் மனைவி மல்லிகா. நாடகம் நடக்கும்போது வேனுக்குள் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது அவள்தான்.

போன வருடம் மல்லிகா இறந்துபோனாள். சடங்கு செய்யவில்லை. படம் மாட்டவில்லை, மாட்டினால் யாராவது மாலை போட்டுவிடுவார்கள் என்று இருந்த ஒரே படத்தையும் எரித்தேன். அந்த நகரம் உயிரோடு இருப்பவர்களுக்கானது என்று துண்டறிக்கையில் எழுதியவன் நான். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று நடக்க எனக்குத் தெரியாது. தடமே இல்லாமல் உச்சி ஜன்னலில் நீலம் அடிக்கச் சொன்னேன். ஆறுமுகம் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "தோழர், அக்காவ எங்க போகச் சொல்றீங்க?"

ஆறாவது டீ

குடுமியான்மலையில் சாயங்காலம் நாலு மணி. நாங்கள் ஐந்து பேர். ஐந்து டீ சொன்னேன். கடைக்காரர் ஆறு கிளாஸ் கொண்டுவந்தார். எங்களை அதற்கு முன் பார்த்திராதவர். அஞ்சுதாங்க சொன்னோம் என்றேன். அவர் வேனை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு வெறும் நீலம்.

"மேல எட்டிப் பாக்குறாங்களே, அந்தம்மா டீ குடிக்க மாட்டாங்களா?"

மறந்த வசனம்

பழைய பெயிண்ட் வெயிலில் மேலே கிளம்பித் தெரிகிறது என்று மற்றவர்களுக்கு விளக்கினேன். தலையாட்டினார்கள். அந்த டீயை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

அடுத்து கோட்டைப்பட்டினம். வலை காயும் மணலில் நாடகம். மல்லிகாவுக்குப் பிறகு எடுத்துக்கொடுக்க நான் ஆள் வைக்கவில்லை; வேன் காலியாகத்தான் நின்றது. கடைசிக் காட்சியில், நகரத்தின் வாசலில் நின்று நான் சொல்ல வேண்டிய வசனம் மறந்துவிட்டது. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. திடீரென்று வசனம் வாய்க்கு வந்தது. சொல்லி முடித்தேன். கைதட்டு அடங்கியதும் மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"அந்த அக்கா ஜன்னல்லேர்ந்து நாலு தடவ எடுத்துக் குடுத்துச்சு. ஒங்களுக்குக் காது கேக்காதா?"

பிளேடு

மறுநாள் காலை கீரனூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். ஏணி போட்டு ஏறி, பிளேடால் நீலத்தைச் சுரண்டினேன். அடியில் பழைய சாயம் இருந்தால் விஷயம் முடிந்தது, விஞ்ஞானம் ஜெயித்தது. இன்னொன்றும் உண்டு, உங்களிடம் மறைப்பானேன்? அவள் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை பார்த்துவிட நினைத்தேன்.

நீலம் உதிர்ந்தது. அடியில் தகரம். ஜன்னல் முழுவதும் சுரண்டினேன். வெறும் தகரம். திருச்சி பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. பஸ் ஜன்னலில் இருந்த குழந்தை, என் தலைக்கு மேலே யாருக்கோ சிரித்துக் கையாட்டியது. பழைய பெயிண்ட் எங்கே என்று கத்தினேன். ஏணியைப் பிடித்திருந்த ஆறுமுகம் நிமிராமலே சொன்னான்:

"தடமே இருக்கக் கூடாதுன்னீங்கள்ல தோழர், அன்னைக்கே தகரம் வரைக்கும் தேச்சு எடுத்துட்டேன்."

பேய் இல்லை என்று முப்பது வருடம் ஊர் ஊராய் நிரூபித்தவனுக்கு, ஊரெல்லாம் பார்க்கிற சொந்த மனைவியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்பதால், இப்போதெல்லாம் டீயை மட்டும் ஆறாகச் சொல்லிவிடுகிறேன்.