படகின் அடி நிறம்

கற்பிட்டியில் மர்ஷூதாவின் கை படாத சாமான் ஏதாவது இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், பார்ப்போம். கலியாணக் காட், கருவாட்டுப் பக்கற், கண்டக்குழி லொட்ஜ்களின் பெயர்ப்பலகை, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துப் போத்தலில் ஒட்டும் சூரியன் படம், எல்லாம் அவள் வரைந்தவை. "பொம்பிளப் புள்ளைக்கு இது என்ன தொழில்?" என்று கேட்டவர்களே பிறகு அவள் கடை வாசலில் காத்து நின்றார்கள்.

ஆனால் போன மாதம் வரைக்கும் அவள் கடையில் நீலம் இல்லை.

மீன்பிடிக்கப் போகும் அஃப்ராஸின் படகுக்கு நிறம் கலந்து கொடுத்தவள் அவள்தான். காலை வெயிலில் கடல் எந்த நீலமோ, அச்சொட்டாக அதே நீலம், அடிப்புறம் வரைக்கும். ஊரே மெச்சியது. அவளுக்கும் தலைகால் புரியவில்லை. அந்தப் படகுதான் நடுக்கடலில் கவிழ்ந்தது. கூடப் போய் உயிர் தப்பிய யூட் வந்து சொன்னான்: "கவுந்த போட்டுல ஏறி இருந்து கை காட்டினம். தேடி வந்த ஹெலி மேலாலயே போச்சு. நீலத்துக்குள்ள நீலம், அவங்களுக்கு எங்களத் தெரியல்ல." அன்று பின்னேரம் அஃப்ராஸ் பிடி நழுவிப் போனான். மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

யாரும் மர்ஷூதாவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. கண்ணை மூடினால் வெறும் கடல். அதில் எங்கேயோ கை காட்டுகிறார்கள். எவ்வளவு தேடினாலும் அவளால் அவர்களைக் காண முடிவதில்லை.

போன மாதம் அஃப்ராஸின் மனைவி கமீலா வந்தாள். அவளுடைய தம்பி ஜௌபர் புதுப் படகு வாங்கியிருந்தான்.

"ராத்தா, அவர்ர போட்டுக்கு அடிச்ச அதே நீலம் வேணும்."

"வேணாம் கமீலா. அந்த நீலத்தாலதான் உங்கட மனிசன..." மர்ஷூதா கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"தெரியும். யூட் சொன்ன அண்டைக்கே விளங்கிட்டு. ஒங்கட முகத்துல முழிக்கவே எனக்கு மனசு வரல்ல. இப்ப விடிஞ்சா கடல் முழுக்க அவர்ர போட் மாதிரியே கிடக்கு. அந்த நிறம் கரைக்குத் திரும்பி வாறத நான் பாக்கணும்."

அவளுக்கு இல்லை என்று சொல்லவும் மர்ஷூதாவால் முடியவில்லை. ஜௌபரையும் கடலுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கரையிலேயே கிடந்து யோசித்தாள். பிறகு படகைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்புறம் முழுக்கக் கண்ணைக் குத்தும் ஒரேஞ்ச் அடித்தாள். நிமிர்த்தி, மேலே கமீலா கேட்ட நீலத்தை அடித்தாள்.

ஜௌபர் படகைத் தள்ளியதும் ஒரேஞ்ச் தண்ணீருக்குள் மறைந்தது. கமீலா நீலத்தைத் தடவிக்கொண்டு அழுதாள்.

மர்ஷூதா செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அந்த ஒரேஞ்ச் ஒருவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு சுபஹுத் தொழுகையிலும் அழுது துஆக் கேட்கிறாள்.